மாடத்தியின் மணியார்டர்

1

இந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில் என் வாயாலேயே என் அம்மாவைச் சாகடித்துவிட்டேன்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, யார்க்ஷயரில், கம்பளி மில்களின் புகை படிந்த ஓர் ஊர். கணவர் தங்கராஜ் இங்கே மருத்துவமனையில் டாக்டர். எனக்குப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவியாளர் வேலை. வறுமையைப் பற்றியும், அதைக் குறைக்க அரசாங்கங்கள் போடும் திட்டங்களைப் பற்றியும் ஆராய்கிற துறை. தென்காசியில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். அப்படிப் பெற்றவர்களைத் தாங்குகிறவர்களுக்கு வருமான வரியில் ஒரு சலுகை உண்டு என்று யாரோ சொன்னார்கள். கேட்டுப் பார்ப்போமே என்று வரி ஆபீசுக்குப் போனேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் வழுக்கைத்தலைப் பெரியவர் ஒருவர். பெயர், ஊர் எல்லாம் எழுதிக்கொண்டார். பிறகு தணிந்த குரலில் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் அம்மா இன்னும் நம்மோடு இருக்கிறார்களா என்பதுதான் அவர் பேசிய ஆங்கிலத்தின் நேர் அர்த்தம்.

“இல்லை” என்றேன். எங்களோடு இல்லை, இந்தியாவில் இருக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“ரொம்ப வருந்துகிறேன், அம்மா.”

இவ்வளவு தூரத்தில் அம்மாவை விட்டு வந்ததற்காக இரக்கப்படுகிறார் போலும் என்று நினைத்து, “பரவாயில்லை, பழகிவிட்டது” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அடுத்த வாரம் தபாலில் பதில் வந்தது. தாயார் காலமாகிவிட்டபடியால் சலுகைக்கு இடமில்லை. இங்கே ஒருவர் நம்மோடு இருக்கிறாரா என்று கேட்டால் உயிரோடிருக்கிறாரா என்று பொருளாம். தங்கராஜ்தான் விளக்கினார். மறுபடி ஓடினேன். இந்தத் தடவை இருந்தவர் வேறொருவர். எழுதிப் போட்டதை வெறும் வாய்ச்சொல்லால் அழிக்க முடியாது என்றார். அம்மா உயிருடன் இருக்கிறார், என்னை அண்டித்தான் பிழைக்கிறார் என்று அம்மாவே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஊர் அதிகாரி ஒருவர் சான்றளிக்க வேண்டும். விண்ணப்பத்தில் என் கையெழுத்து செல்லாது, கணவர்தான் போட வேண்டும். சம்பாதிப்பது நான், என்னைப் பெற்றவள் என் அம்மா, கையெழுத்து மட்டும் அவருடையது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மகள் ஷீலா விழுந்து விழுந்து சிரித்தாள். “அந்தப் பாட்டி இங்கே செத்துட்டாங்க, அங்கே இருக்காங்க” என்று ஆங்கிலத்தில் பாட்டாகவே பாட ஆரம்பித்தாள். அவளுக்கு என் அம்மா ‘அந்தப் பாட்டி’ ஆகி ரொம்ப நாளாகிறது. தென்காசியை விட்டுக் கிளம்பும்போது அவளுக்கு விவரம் தெரியாத வயது. தமிழில் கேட்டால் புரிந்துகொள்கிறாள், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வருகிறது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்ற பிள்ளை உயிரோடு இருக்கிறானா இல்லையா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்துத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்ற ஒருத்தியைத்தான் நினைத்துக்கொண்டேன். அவள் பெயர் மாடத்தி.

2

ஐம்பதுகளின் கடைசியில், படிப்பை முடித்த கையோடு, ஒரு வறுமைக் கணக்கெடுப்பில் எனக்கு வேலை கிடைத்தது. சென்னையில் இருந்த பேராசிரியர் ஒருவர் நடத்திய ஆராய்ச்சி அது. தென்காசி வட்டாரத்துக்கு நானும் சண்முகம் என்ற பாளையங்கோட்டைக்காரரும் பொறுப்பு. அச்சன்புதூர், இலத்தூர், பாவூர்சத்திரம் என்று பஸ்ஸிலும் நடந்தும் அலைவோம். கிராம முன்சீப் தரும் வீட்டு வரிசையிலிருந்து சில வீடுகளைப் பொறுக்கி, என்ன சாப்பிட்டீர்கள், என்ன வேலை கிடைத்தது என்று கேட்பதுதான் வேலை.

சீசன் நேரத்தில் ஒருநாள் குற்றாலம் போயிருந்தோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. அருவிக்கரை முழுக்க எண்ணெய் தேய்த்த உடம்புகள். ஒரு பாறை மேட்டில் யார் யாருடைய வேட்டி சட்டைகளையோ குவியல் குவியலாகப் பிரித்து வைத்து, நடுவில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். குளிக்கப் போகிறவர்களின் துணிமணிகளுக்கும் செருப்புகளுக்கும் காவல். திரும்பி வந்தவர்கள் ஏதாவது கொடுத்தால் உண்டு. கொடுக்காதவர்களை அவள் சும்மா விடுவதில்லை.

“பத்து வெரலுக்கும் மோதிரம் போட்டிருக்கீரு, காவலுக்குக் குடுக்க மட்டும் கை வரலயோ?” என்று ஈரத்தோடு நழுவப் பார்த்த ஒருவரை மடக்கிக்கொண்டிருந்தாள். அவர் வெட்கப்பட்டுத் திரும்பினார். அவள்தான் மாடத்தி.

அவள் எங்கள் வரிசையில் இல்லை. லாட்ஜுகளுக்குப் பின்னால் ஓடைப் புறம்போக்கில் ஓலைக் குடிசை போட்டிருந்தாள். அதற்குக் கதவு எண் கிடையாது. கதவு எண் இல்லாத வீடு முன்சீப்பின் வரிசையில் ஏறாது, வரிசையில் ஏறாதவர்களிடம் நாங்கள் கேட்கக் கூடாது. ஆக, அந்த வட்டாரத்திலேயே கடைசி ஏழைகளை விட்டுவிட்டுத்தான் ஏழைகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தோம். நானும் சண்முகமும் பேராசிரியரோடு சண்டை போட்டு, புறம்போக்குக் குடிசைகளையும் சேர்க்க வைத்தோம்.

அப்படித்தான் சீசன் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் அவள் குடிசைக்குப் போனேன். அருவி வற்றி, கடைகள் மூடி, ஊரே வெறிச்சென்று கிடந்தது. குடிசைக்குள்ளிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அடுப்பில் ஒரு பானை. எங்கள் தாளில் ஒரு கேள்வி உண்டு: நேற்று எத்தனை வேளை அடுப்பு எரிந்தது?

“ரெண்டு நேரமும் எரிஞ்சுது” என்றாள்.

“என்ன சமைச்சீங்க ஆச்சி?”

“அடுப்பு எரிஞ்சுதான்னுதான கேட்ட? அதுக்குச் சொல்லிட்டேன்லா?”

பானையில் வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். அடுத்த குடிசைப் பக்கம் கண்ணைக் காட்டி, “சத்தம் போட்டுப் பேசாத தாயி” என்றாள்.

மெல்ல மெல்லத்தான் மற்றது தெரிந்தது. அச்சன்புதூர்ப் பக்கம் பண்ணை வீடுகளில் நெல் குத்திப் பிழைத்தவள். அரிசி மில் வந்தது, உலக்கைக்கு வேலை போயிற்று. புருஷன் காய்ச்சலில் செத்தான். ஒரே மகன் சுப்பையா செங்கோட்டையில் ரயிலேறி மலைக்கு அந்தப் பக்கம் புனலூருக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்குப் போனான். முதல் இரண்டு தீபாவளிக்கு வந்தான். அப்புறம் வரவில்லை. அங்கேயே ஒரு மலையாளத்துப் பெண்ணோடு இருக்கிறான் என்று சிலர் சொன்னார்கள்.

“அங்கன வேல ஜாஸ்தி. லீவு தரமாட்டங்காவ” என்றாள் மாடத்தி. அதற்கு மேல் கேட்கவிடவில்லை.

3

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்தத் திட்டம் வந்தது. ஆதரவற்ற முதியோருக்கு அரசாங்கமே மாதாமாதம் மணியார்டர் அனுப்பும். எனக்கு அப்போது கல்யாணமாகி, தங்கராஜ் சென்னை ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் கைக்குழந்தை ஷீலாவோடு தென்காசியில் அம்மா வீட்டில் இருந்துகொண்டு அதே ஆராய்ச்சியின் அடுத்த சுற்றைச் செய்துகொண்டிருந்தேன். திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் எனக்கு முதலில் நினைவு வந்தது அந்தத் தண்ணீர்ப் பானைதான்.

ஓடிப்போய் மாடத்தியை அழைத்து வந்தேன். அவளுக்கு முதுகு கூனிவிட்டது. அருவிக்கரையில் காவல் உட்கார்ந்தால் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனைத் துரத்த முடிவதில்லை என்பதால் ஆட்கள் அவளிடம் துணியை வைப்பதும் குறைந்துவிட்டது.

தாலுகா ஆபீசில் விசாரித்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார். வயதை ஒத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

“பிள்ளைங்க இருக்காங்களா?”

“ஒரு மவன்.”

“எங்க?”

“புனலூர்ல.”

பேனா நின்றது. வயதுக்கு வந்த மகன் இருந்தால் உதவித்தொகை கிடையாது. தாயைக் காப்பாற்றுவது மகன் கடமை. சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. அவர் என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்: “இத்தனை வருஷமா தகவலே இல்லைங்கீங்க. உசுரோட இருக்கானோ என்னவோ. இல்லைன்னு இந்தம்மா சொல்லிட்டா நான் எழுதிக்கிடுவேன்.”

நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் மாடத்தி காதில் விழுந்துவிட்டது. எழுந்தாள்.

“எம் மவன் செத்துட்டான்னு நாஞ் சொல்லணுமோ? நீரு உள்ள உக்காந்துக்கிட்டு இந்த வேலையத்தான் பாக்கீரோ?”

கத்திய கத்தலில் பக்கத்து அறை குமாஸ்தாக்கள் எட்டிப் பார்த்தார்கள். வெளியே வந்ததும் என் மேல் பாய்ந்தாள். “நீ கூட்டிட்டு வந்ததுக்கு வந்தேன் பாரு. ஒம் பிள்ளையச் செத்துட்டான்னு ஒரு வாட்டி சொல்லிப் பாரு, பாப்போம்.”

இடுப்பில் ஷீலா இருந்தாள்.

4

இங்கே என்னோடு வேலை செய்கிற மார்கரெட்டிடம் இதை ஒருநாள் தேநீர் வேளையில் சொன்னேன். இந்தியாவில் நடந்ததை இந்த ஊர்க்காரர்களிடம் சொன்னால் பெரும்பாலும் இரக்கமாகத் தலையாட்டுவார்கள். எனக்குப் பிடிக்காத தலையாட்டல் அது. மார்கரெட் ஆட்டவில்லை.

“எங்கள் வீட்டிலும் நடந்தது” என்றாள்.

அவள் சிறுமியாக இருந்தபோது, முப்பதுகளில், அப்பாவுக்கு மில் வேலை போய்விட்டது. அரசு உதவி வாங்கினால் அதிகாரி வீட்டுக்கே வந்து, யார் யார் சம்பாதிக்கிறார்கள் என்று பார்ப்பாராம். அக்காளுக்கு ஒரு கடையில் வேலை இருந்தது. மகள் சம்பாதிக்கிறாள், அவள் தாங்கட்டும் என்று அப்பாவின் உதவியை வெட்டிவிட்டார்கள். மகள் கையை எதிர்பார்க்க அந்த மனிதருக்குக் கூசியது. கடைசியில் அக்காள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இன்னொருவர் வீட்டில் குடிபோனாள். மகள் வீட்டில் இல்லை என்று ஆன பிறகுதான் அப்பாவுக்கு முழு உதவி கிடைத்தது.

“அக்கா அதன் பிறகு திரும்பி வரவே இல்லை” என்றாள் மார்கரெட். “சண்டை ஒன்றும் இல்லை. அப்படியே பழகிவிட்டது.”

இப்போது இங்கே வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வருகிறது. எங்கள் தெருக் கிழவி வியாழக்கிழமை தோறும் தலையில் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு தபாலாபீசுக்குப் போய் வாங்கி வருகிறாள். அவளுக்கு எத்தனை மகன், அவன் எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் அது போதாமல் மேற்கொண்டு உதவி கேட்கப் போனால் கேள்விகள் தொடங்கிவிடும். குளிரில் கணப்பைக் கூட மூட்டாமல், கேட்கப் போகாமலே இருந்துவிடுகிற கிழவிகளைத்தான் எங்கள் துறை இப்போது தேடிப் பேசிக்கொண்டிருக்கிறது. போய்க் கதவைத் தட்டினால் எல்லாருமே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்கிறார்கள்.

நடுவில் அம்மாவின் பதில் வந்தது. வரி ஆபீஸ் கேட்டபடி ஒரு வாசகம் எழுதி அனுப்பியிருந்தேன், கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்று. அம்மா போடவில்லை. ‘உயிரோடு இருக்கேன்னு எழுதச் சொன்னால் எழுதித் தாரேன். உன்னை அண்டித்தான் பிழைக்கிறேன்னு எதுக்கு எழுதணும்? உங்க அப்பா வச்சிட்டுப் போன வீட்டில்தானே இருக்கேன். நீ அனுப்புகிறது நீ பிரியப்பட்டு அனுப்புகிறது’ என்று கண்டிப்பாக எழுதியிருந்தார்கள். தங்கராஜ் படித்துவிட்டுச் சிரித்தார். சலுகையை விட்டுவிட்டோம். அந்த ஆபீசின் காகிதத்தில் அம்மா காலமானவராகவே இருக்கிறார்கள்.

5

மாடத்தி விஷயத்தை நாங்கள் விடவில்லை. மகன் இருக்கிறான் என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டவர்களை நானும் சண்முகமும் தேடிப் பேசினோம். மகனே கூலிக்கு அலைகிறவன், மகன் கண்காணாமல் போனவன், மகன் பக்கத்துத் தெருவில் இருந்தும் எட்டிப் பார்க்காதவன் என்று பல கதைகள். இதையெல்லாம் தொகுத்துப் பேராசிரியர் மேலே அனுப்பினார். விதி மாறியதா, விதியைப் படிக்கும் விதம் மாறியதா என்று எனக்கு இன்றும் சரியாகத் தெரியாது. மகன் கைவிட்டுவிட்டான் என்று தாய் சொன்னால் போதும் என்று ஆயிற்று.

சந்தோஷமாகக் குற்றாலத்துக்கு ஓடினேன்.

“எம் மவன் என்னையக் கைவிட்டான்னு நாலு பேரு முன்னால சொல்லி, கை நாட்டு வைக்கணுமாக்கும்?” என்றாள் மாடத்தி. “பட்டினி கெடந்தாலும் கெடப்பேன்.”

சண்முகம்தான் வழி கண்டுபிடித்தார். முன்சீப்பிடம் பேசி, ‘மகன் தற்போது இருக்கும் இடம் தெரியவில்லை’ என்று எழுத வைத்தார். அதைப் படித்துக் காட்டினோம். இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

“அது நெசந்தான்” என்று கட்டை விரலை நீட்டினாள்.

மணியார்டர் வரத் தொடங்கியது. அடுத்த தடவை நான் போனபோது பானையில் அரிசி வெந்துகொண்டிருந்தது. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அப்படி ஒரு பானையைப் பார்க்கும் வாய்ப்பு எப்போதாவதுதான் கிடைக்கும். என்னையும் சாப்பிடச் சொன்னாள். சாப்பிட்டேன். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு.

பக்கத்துக் குடிசைக்காரி எட்டிப் பார்த்து, “ஆச்சிக்கு இப்பம் யோகந்தான். மவன் மாசம் தவறாம அனுப்புதாம்லா?” என்றாள்.

நான் மாடத்தியைப் பார்த்தேன். அவள் குழம்பைக் கிண்டிக்கொண்டே, “பெத்தவள மறப்பானா?” என்றாள்.

அந்தக் குடிசை வரிசையில் யாருக்கும் எழுத்து வாசனை கிடையாது. தபால்காரர் கையில் பணம், தாளில் கை நாட்டு, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். தபால்காரரும் வாயைத் திறக்கவில்லை. அதுவரை அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். புனலூர்ப் பக்கம் போகிறவர்கள் உம் மகனிடம் ஏதாவது சொல்லவா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். யாருக்கும் கெடுதல் இல்லாத பேச்சு. நானும் சும்மா இருந்தேன்.

அடுத்த வருஷ விசாரணைக்குப் புதிய இன்ஸ்பெக்டர் வந்தார். மாடத்தி அப்போது குடிசையில் இல்லை. சுற்றி இருந்தவர்களை விசாரித்தார். எல்லாரும் ஒரே குரலில், அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்கள்: “அவளுக்கு என்னய்யா கொறச்சல்? மவன் மாசாமாசம் மணியார்டர் போடுதான்.”

மணியார்டர் நின்றுபோனது.

6

சென்னையில் ஒரு கூட்டத்தில் இதைப் பேராசிரியர் முன்னால் சொல்லிப் பார்த்தேன். வயதை மட்டும் கேளுங்கள், மகனைப் பற்றிக் கேட்காதீர்கள் என்றேன். எல்லாக் கிழவன் கிழவிக்கும் கொடுக்க இந்த அரசாங்கத்திடம் பணம் எங்கே இருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டார். அதுவும் உண்மைதான். மகன் தாங்குகிறவளுக்குக் கொடுத்தால் தாங்க ஆளில்லாதவளுக்குப் போகிறது குறையும். இன்றைக்கும் இங்கே யார்க்ஷயரில் அதே வாதத்தைத்தான் வேறு மொழியில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்பதற்கும் ஒரு விலை உண்டு, அதைக் கொடுப்பது எப்போதும் ஏழைதான் என்பது மட்டும் தெரியும்.

பணம் நின்ற பிறகு மாடத்தி தென்காசிச் சந்தைக்கு நடக்கத் தொடங்கினாள். மூட்டை இறக்குகிற இடத்தில் சிந்திய தானியத்தைக் கூட்டி அள்ளுவாள். எனக்கு இங்கிலாந்து கிளம்ப நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன் இதைச் சரிசெய்துவிட வேண்டும் என்று மனு எழுதி, நடையாய் நடந்து, தாசில்தாரே நேரில் விசாரிப்பார் என்று ஏற்பாடாயிற்று.

விசாரணையன்று குடிசை வரிசைக்காரர்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். முன்பு சாட்சி சொன்னவர்கள் அவர்கள்தானே. ஏழெட்டுப் பேர் சுவரோரம் நின்றார்கள். போகும் வழியில் மாடத்தியிடம் நான் கெஞ்சினேன்.

“கவர்மெண்ட் பணம்னு சொல்லிருங்க ஆச்சி. வேற ஒண்ணும் சொல்லாண்டாம்.”

“அவளுவளும் வந்திருக்காளுவளா?” என்று மட்டும் கேட்டாள்.

தாசில்தார் நிதானமான மனிதர். அவசரப்படுத்தவில்லை. “உங்க மவன் பணம் அனுப்புதாம்னு இவங்க எல்லாரும் சொல்லுதாங்க. நீங்க சொல்லுங்க” என்றார்.

மாடத்தி சுவரோரம் நின்றவர்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துத் தோளில் போட்டாள்.

“இல்ல” என்றாள்.

“ஒரு தடவை கூட அனுப்பலையா?”

“இல்லய்யா.”

“எத்தனை வருஷமா?”

“போனதுலேருந்தே.”

பக்கத்துக் குடிசைக்காரி “எம்மா...” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். தாசில்தார் எழுதினார். மாடத்தி கட்டை விரலை மையில் ஒற்றி, காட்டிய இடத்தில் வைத்தாள். அடுத்த மாதத்திலிருந்து பணம் வரும் என்றார். நான் நன்றி சொன்னேன். அவள் சொல்லவில்லை.

வெளியே வந்தோம். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள், ஒருவரும் அவளுக்காக நிற்கவில்லை. குற்றாலம் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன் என்று கையைப் பிடித்தேன். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். மை விரலைச் சேலையில் துடைத்தாள்.

“இப்பம் ஒனக்குச் சரிதானா தாயி?” என்று கேட்டாள். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் தபால்காரரைத் தென்காசிக் கடைத்தெருவில் பார்த்தேன். பணம் மறுபடி வந்துவிட்டது என்றார். கொண்டுபோய்க் கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

“குடிசைக்கு வராண்டாம்னு சொல்லிட்டாம்மா. லாட்ஜுக்குப் பின்னால புளிய மரத்துக்கிட்ட வந்து நிக்கா. அங்க வச்சு வாங்கி, மடியில முடிஞ்சுக்கிட்டு, நான் சைக்கிள எடுக்குத வரைக்கும் அங்கனயே நிக்கா. நான் போன பொறவுதான் நடக்கா.”